எந்த ஆலையும் இல்லாத செயலாளர்

ஜீலாங்,
9 பிப்ரவரி 1959

அன்புள்ள ஆர்ச்சி,

கிறிஸ்துமஸுக்கு நீயும் மேவிஸும் அனுப்பிய வாழ்த்து அட்டைக்கு நான் இன்னும் பதில் போடவில்லை என்று டோரி விடாமல் குத்திக்காட்டுகிறாள். இப்போது எழுதுவதும் அட்டைக்காக இல்லை. எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

வருகிற ஜூலையோடு நம் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. விழாவும் விருந்தும் வைத்து, சங்கத்தின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பொதுக்குழுவில் பேச்சு வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். முதல் கூட்டம் நடந்தது வியாழக்கிழமை என்று யாரோ சொன்னார்கள், இல்லை வெள்ளிக்கிழமை என்று திருத்தினேன். அவ்வளவுதான், வரலாற்றையே என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு தறி ஏன் நின்றுபோனது என்று கேள், சொல்கிறேன். ஒரு வாக்கியம் ஏன் நின்றுபோனது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தொடக்கத்தை மட்டும் எழுதிவிட்டேன். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சரியா என்று பார். நான் பிறந்த யார்க்ஷயரில் தறியைச் சரிசெய்கிறவனுக்கு டியூனர் என்று பெயர். என் அப்பா டியூனர், மாமா டியூனர். அதனால் பத்திரிகையில் 'டியூனர்கள் சங்கம் தொடங்கக் கூட்டம், அனைத்து டியூனர்களும் வருக' என்று விளம்பரம் கொடுத்தபோது, உலகத்தில் வேறு வகை டியூனர் இருக்கிறான் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஆற்றங்கரை ஆலைகளிலிருந்து என்னையும் சேர்த்துப் பதினொரு பேர் வந்தார்கள். கூடவே கையில் தோல் பையோடு, சுருதி சேர்க்கிற பியானோ டியூனர்கள் மூன்று பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். நீ போகவில்லை.

இங்கேதான் ஒரு சங்கடம். புதுத் தலைவர் ராய்ஸ்டன் கேல் கல்லூரியில் நெசவியல் சொல்லித்தருகிறவர், சின்ன வயசு, கெட்டவர் இல்லை. லண்டன் நெசவுக் கழகத்தோடு நம் சங்கத்தை இணைக்க முயற்சி எடுத்திருக்கிறார். இணைந்துவிட்டால் நம் பையன்களின் சான்றிதழ் எந்த நாட்டு ஆலையிலும் செல்லும். விண்ணப்பத்தோடு இந்தப் புத்தகமும் போகிறது. முதல் செயலாளர், அதுவும் பதினாறு வருஷம் இருந்தவர், பியானோக்காரர் என்றால் லண்டனில் நம்மை வேடிக்கை பார்ப்பார்கள் என்று அவர் பயப்படுகிறார்.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உன் பெயரை 'ஏ. பெங்கில்லி, டியூனர்' என்று மட்டும் போடுவோம். பொய் இல்லை பார். படிக்கிறவன் என்ன நினைத்துக்கொண்டாலும் அது அவன் பாடு. சரி என்று ஒரு வரி எழுதிப் போடு. பழைய நினைவுகளும் ஏதாவது இருந்தால் அனுப்பு.

உன்
வில்ஃப்


லான்செஸ்டன்,
20 பிப்ரவரி 1959

அன்புள்ள வில்ஃப்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் மேவிஸ், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். அவ்வளவு அடிக்கடி எழுதுகிறவன் நீ. இங்கே நாங்கள் சௌக்கியம். கன்னிமாடத்துப் பியானோவுக்குள்ளே மறுபடி பூச்சி அரித்த கம்பளித் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆற்றங்கரைக் கம்பளிதான் என்று சந்தேகம்.

நீ எழுதியிருக்கும் தொடக்கம் சரி. நான் ஏன் போகவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டாய். வெளியே கொட்டுகிற மழை, உள்ளே டோரி கொண்டுவந்த ஆட்டிறைச்சிப் பலகாரம் சுடச்சுட. அதைத் தின்னும் வரை உட்காரலாம் என்று இருந்தேன். நீங்கள் பேசியதில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் சண்டை புரிந்தது. அந்தக் காலத்தில் அடுத்த ஆலை ஆளோடு பேசினாலே வேலை போய்விடும். ஒவ்வோர் ஆலைக்கும் துணியில் அதனதன் ரகசியம். அதனால் உறுப்பினர் பெயர்களை யார் வைத்துக்கொள்வது என்று அடித்துக்கொண்டீர்கள். மேல் ஆலைக்காரனைக் கீழ் ஆலைக்காரன் நம்பவில்லை. கீழ் ஆலைக்காரனை நீயே நம்பவில்லை.

அப்போதுதான் டூகல் மக்காஸ்கில் என்னைக் காட்டி, "இந்த ஆளுக்கு எந்த ஆலையும் கெடையாது, நாம பேசுறது ஒண்ணும் புரியவும் இல்ல. இவரே செயலாளரா இருக்கட்டும்" என்றான். என் வாய் நிறையப் பலகாரம். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தலையசைத்ததை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

பிறகு சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பியானோ பார்க்கப் போகிறான் என்று ஊர் நினைத்தது. 'ஒருவருக்கு நாடா தறியை விட்டு வெளியே பறக்கிறது, என்ன செய்ய?' என்று ஒரு வீட்டில் கேட்டு எழுதிக்கொள்வேன். அடுத்த வீட்டில் வைத்தியம் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்வேன். யார் கேட்டது, யார் சொன்னது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. எனக்கோ நாடா என்பது நூலோடு குறுக்கே ஓடும் கட்டை என்றே முதல் வருஷம் தெரியாது. அதை அடித்துத் தள்ளும் பிக்கிங் பட்டையை ஆறு மாதம் 'பிக்னிக் பட்டை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீங்களும் சிரித்துச் சிரித்து அப்படியே கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

இனி உன் யோசனை. வேண்டாம் வில்ஃப். உங்கள் புத்தகத்தில் வெறும் 'டியூனர்' என்று போட்டால் நான் தறி டியூனர் என்றுதான் அர்த்தம். அது உனக்கும் தெரியும், அதனால்தான் அந்த வழி உனக்குப் பிடித்திருக்கிறது. நான் என் வாழ்நாளில் ஒரு தறியையும் தொட்டதில்லை. 'பியானோ டியூனர்' என்று போடு. முடியாவிட்டால் பெயரையே எடுத்துவிடு. நடுவழி ஒன்றும் வேண்டாம்.

டோரிக்கு எங்கள் அன்பு.

ஆர்ச்சி


ஜீலாங்,
6 மார்ச் 1959

மதிப்புக்குரிய திரு. ஏ. பெங்கில்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

இந்தத் தோரணை எனக்கு வராது, விட்டுவிடுகிறேன். ஆனால் கோபம் போகவில்லை. உனக்கு நல்லது செய்யப்போய் நான் ஏமாற்றுக்காரன் ஆகிவிட்டேனா? ஒரே ஒரு சொல்! அதற்கு இவ்வளவு வீம்பா? பன்னிரண்டு பையன்கள் சான்றிதழுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் டூகலின் மகனும் ஒருவன். கனடாவில் வேலை இருக்கிறது, இந்தக் காகிதம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்கிறார்களாம். அவனிடம் போய் நான் என்ன சொல்ல? பெங்கில்லி மாமாவுக்குப் பியானோ வேண்டுமாம், நீ ஜீலாங்கிலேயே கிட என்றா?

தறியையே தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். தொட்டாய். ஆலையைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்ட அன்று, என் தறியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சுருதி கொஞ்சம் எறங்கியிருக்கு" என்று எதையோ திருகினாய். நாடா பறந்து மேனேஜரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. அன்று உன்னைக் காட்டிக்கொடுக்காமல், என் கைதான் தவறிவிட்டது என்று சொன்னவன் நான். அப்போது இந்த உண்மை விளம்பி எங்கே போயிருந்தான்?

உன்னிடம் சொல்லாமல் ஒன்றை மனதில் வைத்திருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன். மேவிஸின் அப்பாவைப் பார்த்துக்கொள்ள நீ கடல் தாண்டிப் போனாய், தப்பில்லை. அவர் காலமான பிறகும் திரும்பி வரவில்லையே! எங்களை விட்டுவிட்டுப் போனவனுக்கு எங்கள் புத்தகத்தில் என்ன சொல் வர வேண்டும் என்று கட்டளையிட என்ன உரிமை?

உன் விருப்பப்படியே செய்துவிட்டேன். பெயரை எடுத்துவிட்டேன். இனி வெறும் 'செயலாளர்' என்று மட்டும் இருக்கும்.

வி. அக்ராய்டு


லான்செஸ்டன்,
2 ஏப்ரல் 1959

அன்புள்ள வில்ஃப்,

சரி. நன்றி. விருந்துக்கு அழைப்பு வந்தது, எங்களால் வர இயலாது என்று கேலுக்கு எழுதிவிட்டேன்.

தொப்பி விஷயம் உண்மை. நான் சிரித்துவிட்டேன். மேவிஸும் சிரித்தாள், பிறகு நீ கடைசியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். உனக்காகப் பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டை ஒற்றைக் கையோடு நின்றிருக்கிறது. அவள் உங்கள் ஆலையில் துணியின் பழுதுகளை ஊசியால் சரிசெய்துகொண்டிருந்தவள். டியூனர்கள் செய்யும் தப்பையெல்லாம் கடைசியில் நாங்கள்தானே தைத்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறாள். அது உன்னைத்தான்.

உரிமை கேட்டாய். எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் நான் ஏன் பதினாறு வருஷம் இருந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆட்டிறைச்சிப் பலகாரத்துக்காக இல்லை. பியானோ பார்க்கப் போகிற வீடுகளில் பின்வாசல் வழியாகப் போவேன். வீட்டம்மா பக்கத்தில் நின்று கவனிப்பார், வேலை முடிந்ததும் போய்விடுவேன். எனக்கென்று கூட வேலை செய்கிறவன் ஒருவனும் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த அறையில் நீங்கள் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தீர்கள். தறி தெரிந்தவனாக நடிக்கச் சொல்லவில்லை. "ஏன்யா பியானோ, எழுதிக்கிட்டியா?" என்று கூப்பிடுவீர்கள். அந்தப் பெயரோடு என்னை வைத்துக்கொண்டீர்கள், வில்ஃப். இப்போது அதை எடுத்துவிட்டால்தான் உள்ளே விட முடியும் என்றால், எனக்கு மனசு வலிக்கிறது. வீம்பு இல்லை.

திரும்பி வராததற்குக் காரணம் எளிது. இங்கே எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. உன்னைப் பார்க்காதது மட்டும்தான் குறை.

டூகலின் மகனுக்குக் கனடா கிடைக்கட்டும்.

ஆர்ச்சி


ஜீலாங்,
14 ஜூன் 1959

அன்புள்ள ஆர்ச்சி,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. டோரி உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்குக் காலைத் தேநீர் போட்டுத்தரவில்லை. நானே போட்டுக் குடித்தேன், அது கடுமையான தண்டனை.

சங்கதி இது. நீ இல்லாமல் வரலாற்றை எழுதிப்பார்த்தேன். வரவில்லை. 'கீழ் ஆலையில் தறியின் அச்சுக் கம்பி அடிக்கடி உடைந்த சிக்கலுக்கு மேல் ஆலை வழி சொன்னது' என்று எழுதுகிறேன். எப்படிச் சொன்னது? செயலாளர் சொன்னார். 'போர்க்காலத்தில் ராணுவப் போர்வைக்காக எல்லா ஆலை டியூனர்களும் ஒரே முறைக்கு வந்தார்கள்.' யார் சேர்த்துவைத்தது? செயலாளர். பக்கத்துக்குப் பக்கம் பெயரில்லாத ஒருவர் சைக்கிளில் வந்துபோகிறார். எனக்கே படிக்கப் பேய்க்கதை போல இருந்தது.

போன வாரம் கேல் வீட்டுக்கு வந்து பிரதியைப் படித்தார். நானும் டோரியும் எதிரே உட்கார்ந்திருந்தோம். படித்து முடித்துவிட்டு, "மிஸ்டர் அக்ராய்டு, இந்தச் செயலாளர் எந்த ஆலைன்னு லண்டன்ல கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டார்.

"எந்த ஆலையும் இல்ல" என்றேன்.

"அப்படி ஒருத்தரை எப்படிச் செயலாளரா வெச்சீங்கன்னு கேப்பாங்களே?"

"அப்படி ஒருத்தர் கெடச்சதாலதான் சங்கமே நின்னுது. எங்கள்ல எவனை வெச்சிருந்தாலும் மூணாவது மாசம் இழுத்து மூடியிருப்போம். எனக்கு டூகல் மேல நம்பிக்கை இல்ல, டூகலுக்கு என் மேல இல்ல. ரெண்டு பேருக்கும் பியானோ மேல இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. இருபத்தைந்து வருஷமாக நான் அதை விளம்பரத்தில் நேர்ந்த ஒரு கோமாளித்தனமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேல் மறுபடியும் பக்கங்களைப் புரட்டினார். லண்டனில் சிரிப்பார்கள் என்று மறுபடியும் சொன்னார். நான் பிரதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பியானோ இருந்தால் புத்தகம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை குழு கூடுகிறது. என்ன ஆகும் என்று தெரியாது. இந்தப் புத்தகத்தை நான் எவ்வளவு ஆசையாக எழுதினேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் பெயர் ஒரு அட்டையில் வரப்போகிறதே என்று இருந்தது. வராமல் போனாலும் போகட்டும்.

திரும்பி வராததைப் பற்றி எழுதியது வெறும் வயிற்றெரிச்சல். மன்னித்துவிடு.

வில்ஃப்


லான்செஸ்டன்,
27 ஜூன் 1959

அன்புள்ள வில்ஃப்,

உன் கடிதம் சுற்றிக்கொண்டு வந்து நேற்றுத்தான் கிடைத்தது. மேவிஸிடம் சத்தமாகப் படித்துக்காட்டினேன். பாதியில் கடிதத்தை அவளிடம் நீட்டினேன், மீதியை அவள் படித்தாள்.

போதும் வில்ஃப். நீ சொன்னதே எனக்குப் போதும். இதற்காக உன் புத்தகத்தைப் பலிகொடுக்காதே. அந்தப் பையன்களின் காகிதத்தையும் கெடுக்காதே. நீ முதலில் சொன்னபடி வெறும் 'டியூனர்' என்றே போடு. நேற்று இரவு முழுக்க யோசித்தேன், பொய் இல்லைதான். உனக்கு உண்மை தெரியும், டோரிக்குத் தெரியும், டூகலுக்குத் தெரியும். லண்டன்காரனுக்கு எதற்கு?

இதை உடனே தபாலில் போடுகிறேன். வியாழக்கிழமை எதுவும் முடிவாகாமல் இருந்திருந்தால் கேலிடம் காட்டு. என் முழுச் சம்மதம்.

கம்பளிச் சட்டைக்கு இரண்டாவது கை வந்துவிட்டது.

ஆர்ச்சி


ஜீலாங்,
20 ஜூலை 1959

அன்புள்ள ஆர்ச்சி,

உன் சம்மதக் கடிதம் வந்தபோது புத்தகம் அச்சகத்தை விட்டே வெளியே வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒருமுறை நீ எனக்கு விட்டுக்கொடுத்தாய், அதுவும் நேரம் தவறி. தனிக்கட்டாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன், இதற்குப் பின்னால் வரும். பிரித்துப் பார்க்கும் வரை ஒன்றும் சொல்ல மாட்டேன். விருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை கல்லூரி மண்டபம் நிறைந்துவிட்டது. வறுத்த ஆட்டுக்கறி, பச்சைப் பட்டாணி, டோரியும் மற்றப் பெண்களும் செய்த பாஷன் பழ கேக். லண்டன் கழகத்தின் மெல்போர்ன் கிளையிலிருந்து லெய்ட்லா என்று ஒரு பெரியவர் வந்திருந்தார். ஸ்காட்லாந்தில் டியூனராக இருந்து படிப்படியாக மேலே வந்தவர். நம்மைச் சேர்க்கலாமா என்று லண்டனுக்கு எழுதப்போகிறவர் அவர்தான். கேலுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடே இறங்கவில்லை.

கேல் எழுந்து நம் முதல் கூட்டத்தைப் பற்றிய பக்கத்தை வாசித்தார். என்னை வாசிக்கச் சொல்லியிருக்கலாம், அவரே வாசித்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. விளம்பரம் வந்த இடத்தில் சிரிப்பு. மூன்று பியானோக்காரர்கள் வந்த இடத்தில் மேஜையைத் தட்டினார்கள். அதில் ஒருவர் செயலாளரானார் என்றதும் இளவட்டங்கள் இன்னும் சிரித்தார்கள், கேலின் காது சிவந்துவிட்டது. பழைய ஆட்கள் சிரிக்கவில்லை. டூகல் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இளவட்டங்களைத் திரும்பிப் பார்த்தான்.

லெய்ட்லாவும் சிரிக்கவில்லை. பேச வந்தவர், எழுதிவைத்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆர்ச்சி, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க ஊர்லயும் ஆரம்பிச்சோம். மூணு தடவ. ஒவ்வொரு தடவயும், பேரு எழுதின காகிதம் யாரு வீட்டுல இருக்கணும்னு சண்ட வந்து கலஞ்சுபோச்சு. எல்லாரும் நல்ல டியூனருங்க. அதுதான் தப்புன்னு இன்னைக்குத்தான் புரியுது. நாங்க ஒரு பியானோக்காரரத் தேடியிருக்கணும்."

அதற்குப் பிறகு மண்டபம் சிரிக்கவில்லை, எழுந்து நின்றது. யாருக்காக நிற்கிறோம் என்று தெரியாமல் பின்வரிசைப் பையன்களும் நின்றார்கள். உனக்காக, மடையா. நீ அங்கே பூச்சி அரித்த கம்பளியை மாற்றிக்கொண்டிருந்தாய்.

லண்டன் முடிவு வர மாதக்கணக்காகும். சாதகமாகவே எழுதுவேன் என்று லெய்ட்லா கேலிடம் சொல்லிவிட்டுப் போனாராம். டூகலின் மகன் பெட்டி வாங்கியாயிற்று.

செப்டம்பரில் எங்களுக்கு விடுமுறை. டோரி கப்பல் பயணத்துக்குப் பயப்படுகிறாள், ஆனால் வருகிறோம்.

வில்ஃப்


லான்செஸ்டன்,
1 ஆகஸ்ட் 1959

அன்புள்ள வில்ஃப்,

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் உன் பெயரை மேவிஸ் விரலால் தடவிப் பார்த்தாள். அழகாக இருக்கிறது, உண்மையாகவே.

என் பெயரைத் தேடிக்கொண்டு நேராகப் பின்பக்கத்துக்குப் போனேன், நிறுவிய உறுப்பினர்கள் இருக்கும் பக்கத்துக்கு. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். 'ஏ. பெங்கில்லி, பியானோ டியூனர், செயலாளர்.' பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது போதும் என்று மூடிவைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேவிஸ் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "மத்தவங்கள பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை.

டி. மக்காஸ்கில், தறி டியூனர். வி. அக்ராய்டு, தறி டியூனர். பதினொரு பேருக்கும் அப்படியே. தறி, தறி, தறி என்று பக்கம் முழுவதும். உன் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தேவைப்படாத சொல். நானும் அந்தப் பட்டியலில் இருப்பதால், நீங்கள் எந்த வகை டியூனர் என்று நீங்களும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

செப்டம்பரில் துறைமுகத்துக்கு வருகிறேன்.

ஆர்ச்சி